குளிர்ந்த ஓரம்

ஆல்வின், உன் கோபம் எனக்குப் புரிகிறது. என் முட்டையை வேறு யாராவது கெடுத்தார்களா என்று அந்தக் கவுண்டரில் கேட்டார்கள். பேச்சி அக்கா என்று ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் நம்ம அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ள எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டுப் போனை வைத்தாய், அதன்பிறகு எடுக்கவே இல்லை. அதனால் நடந்ததை எல்லாம் இதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

முட்டை விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். எனக்கும் இங்கே வந்தபோது அவ்வளவுதான் தெரிந்திருந்தது. இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் சொந்தத்தில் ஒரு ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் ஒரு ஆமையைப் பொரித்துக் கொடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டபோது, யாரோ புதுசாக வந்தவளைக் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

முட்டை நிலையத்தில் தமிழ் பேசத் தெரிந்தவர் சிவகௌரி என்ற யாழ்ப்பாணத்து அம்மா. சின்ன வயதில் இங்கே வந்து, இங்கேயே வளர்ந்து, அரசாங்க வேலைக்குப் போனவர். அவர்தான் என்னையும் பேச்சி அக்காவையும் உட்காரவைத்து விளக்கினார். ஆமை முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதைச் சூடுதான் தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். நம்ம ஊர் மணல் கொதிக்கிற கொதிப்பில் பல வருடங்களாகப் பெண் குஞ்சுகள் மட்டும்தான் வருகின்றன. இருக்கிற கிழட்டு ஆண்களும் செத்துவிட்டால் பங்குனி ஆமை என்ற இனமே போய்விடும். அதனால் முட்டைகளை அங்கிருந்து விமானத்தில் ஏற்றி, இந்தக் குளிர் நாட்டுக்குக் கொண்டுவந்து, ஆணாகப் பொரித்து, மறுபடி நம்ம கடலுக்கே அனுப்புகிறார்கள். குஞ்சு ஆணாக வந்தால்தான் நமக்கு அழைப்புரிமை.

ஊரிலேயே ஏசி போட்டுப் பொரிக்கக் கூடாதா என்று கேட்டேன். அங்கே மனிதர்களுக்கே கரண்ட் இல்லை, ஆமைக்கு யார் தருவார்கள் என்றார். அவர் சொன்னதும் சரிதான். அந்த நேரத்தில் நீயும் அம்மாவும் வெயில் ஊரடங்கில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தீர்கள்.

பேச்சி அக்கா கேட்டது வேறு கேள்வி. இவ்வளவு பெரிய நாட்டில் மெஷின் இல்லையா, இதை எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். பேச்சி அக்காவைப் பற்றி உனக்குத் தெரியும், அம்பாசமுத்திரத்துக்காரர், என்னோடு ஒரே அறையில் இருப்பவர், ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்குகிறார். அவருடைய ஒரே மகன் இசக்கிராஜ் ஊரில் தார் ரோடு போடும் வேலையில் இருக்கிறான். இரண்டு தடவை வெயிலில் மயங்கி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

சிவகௌரி அம்மா, "முதல் இந்த நாட்டுச் சனத்துக்குத்தான் முட்டை குடுத்தவை" என்றார். "நல்ல மெஷினும் குடுத்தவை. பாதி முட்டை அழுகிப்போச்சு. லீவுக்குப் போயிடுவினம், மறந்திடுவினம். அவையளுக்கு முட்டை பிழைச்சா என்ன, பிழைக்காட்டி என்ன. உங்களுக்கு அப்பிடி இல்லைத்தானே. முட்டைக்குள்ள தாயோ பிள்ளையோ இருக்கு எண்டு நினைக்கிற ஆக்கள்தான் ஒழுங்காப் பாப்பினம்."

அதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

எங்களுக்கு மெஷின் கிடையாது. ஆளுக்கு ஒரு முட்டை, அறைக்கு ஒரு தெர்மாமீட்டர், சூடு தர ஒரு விளக்கு, சூடு ஏறினால் தானாக விளக்கை அணைக்கும் ஒரு சின்னக் கருவி. பெட்டி நாங்களே தேடிக்கொள்ள வேண்டும். வெளியே குளிர், அறைக்குள் ஹீட்டர் ஓடும்போது சூடு, நின்றால் மறுபடி குளிர். இந்த ஏற்ற இறக்கம் எதுவும் உள்ளே போகாத மாதிரி ஒரு பெட்டி. அறையில் இடம் இல்லாததால் இரண்டு முட்டைகளையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம்.

இந்தப் பெட்டியை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும், ஆல்வின். என் மனது திரும்பத் திரும்ப அங்கேதான் போய் நிற்கிறது.

எனக்கு முதலில் தோன்றியது தெர்மோகோல் பெட்டி. துறைமுகத்தில் மீனை ஐஸ் போட்டு அனுப்புகிற பெட்டி. அதில் வைத்த மீன் சென்னைக்குப் போகிற வரைக்கும் ஐஸ் உருகாது என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே மீன் கடையில் கேட்டதும் ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். கழுவிக் கழுவிப் பார்த்தும் வாடை போகவில்லை. முட்டையைப் புதைத்து வைக்கிற ஈர மணல் டப்பாவை உள்ளே வைத்ததும் அடிப்பக்கம் ஊறி, உருண்டை உருண்டையாக உதிர ஆரம்பித்தது. உதிர்ந்தது முட்டையில் ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்று சிவகௌரி அம்மா வேண்டாம் என்றார்.

அடுத்து ஒரு பழைய ஃபிரிட்ஜ். தெருவோரம் யாரோ வெளியே வைத்திருந்தார்கள். இணைப்பைக் கொடுக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜைவிட நல்ல பெட்டி கிடையாது, சுவர் அவ்வளவு கனம். நானும் அக்காவும் அதை மாடிப்படி வரைக்கும் நகர்த்திக் கொண்டுவந்துவிட்டோம். திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. கீழ்வீட்டுக்காரர் வந்து நின்றார். அக்கா அவரிடம் தமிழிலேயே, "ஒரு கை குடுத்தா கொறஞ்சா போயிருவீரு" என்றார். அவருக்கு என்ன புரிந்ததோ, உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். ஃபிரிட்ஜ் மறுபடி தெருவுக்கே போனது.

கடைசியில் கடைக்குப் போனோம். சுற்றுலா போகிறவர்கள் பாட்டில்கள் வைத்துக்கொள்கிற ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. நீல நிறம். இரண்டு முட்டை டப்பாக்களை வைத்தால் பெட்டி நிறைந்துவிடும், வேறு எதற்கும் இடம் இருக்காது. மூடி நல்ல இறுக்கம். நான் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வரிசையிலும் நின்றுவிட்டேன். அப்போதுதான் அக்கா அவருடைய கேண்டீனில் சாப்பாட்டைச் சூடு ஆறாமல் கொண்டுபோகிற பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிப் போடப் போகிறார்கள் என்று ஞாபகம் வந்து சொன்னார். ஒரு கொக்கி உடைந்ததற்காகத் தூக்கிப் போடுகிறார்களாம். சுவர் நாலு விரல் கனம், ஒரு சின்னப் பிள்ளையைப் படுக்க வைக்கலாம், அவ்வளவு நீளம். இதற்குப் போய் எதற்குக் காசு என்றார். நீலப் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அந்த நீலப் பெட்டிக்குள் ஒரு பாத்திரம்கூட நுழைந்திருக்காது.

கேண்டீன் பெட்டி உண்மையிலேயே நல்ல பெட்டி. காற்று போக மூடியில் இரண்டு ஓட்டை போட்டோம், உடைந்த கொக்கிக்குப் பதில் கயிறு கட்டினோம். ஒரு ஓரத்தில் விளக்கு, அதன் பக்கத்திலேயே தெர்மாமீட்டரும் அந்தக் கருவியும். வெளியே என்ன குளிர் அடித்தாலும் தெர்மாமீட்டர் முள், ஆணுக்கென்று குறித்திருந்த பச்சைக் கோட்டைவிட்டு அசையவில்லை. ஆனால் பெட்டி நீளம் என்பதால் விளக்கு இருந்த ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. கையை விட்டுப் பார்த்தால் தெரியும். மறு ஓரம் குளிர்ச்சி.

யார் முட்டை எந்த ஓரம் என்று பேச்சு வந்தது. அந்தக் கருவி விளக்குப் பக்கத்தைப் பச்சைக் கோட்டில் பிடித்து வைக்கும், அங்கே பயம் இல்லை, ஆனால் குளிர்ந்த ஓரம் ஆண் வருவதற்கு இன்னும் நல்லது என்று நான் சொன்னேன். அக்கா சிரித்தார்.

"எந்த முட்டைட்டி குளுருல பொரிச்சிருக்கு? கோழி என்ன ஐஸ் மேலயா உக்காந்து அடைகாக்கு? நீ சின்னவ. ஒண்ணும் நெனைச்சிக்கிடாத, நா இந்தப் பக்கம் வச்சிக்கிடுதேன்."

விளக்குப் பக்கத்தில் தன் முட்டையை வைத்துவிட்டார். நான் மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. எனக்குக் குளிர்ந்த ஓரம் கிடைத்ததில் உள்ளுக்குள் நிம்மதிதான்.

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. வேலையிலிருந்து வந்ததும் குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மூடியைத் திறந்து பார்ப்பேன். நீ அனுப்புகிற அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்ப்பேன், முள்ளைப் பார்ப்பேன். உப்பளத்தில் இத்தனை வருடம் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் நின்றதில் அம்மாவின் சிறுநீரகம் எவ்வளவு போய்விட்டது, அடுத்த சித்திரை வெயிலை அது தாங்காது என்று டாக்டர் சொன்னதை நீதான் எனக்குச் சொன்னாய். சித்திரைக்கு முன்னால் அம்மா இங்கே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

அந்த நேரத்தில்தான் என்னை, நான் இங்கே தக்காளி பறிக்கிற கண்ணாடிக் கூடம் மாதிரியே வடக்கே இருக்கிற இன்னொரு கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கண்ணாடிக் கூரை உடைந்து ஆள் தேவைப்பட்டது. மாட்டேன் என்றால் வேலை போய்விடும், வேலை போனால் முட்டையையும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். போவதற்கு முன் சிவகௌரி அம்மாவிடம் கேட்டேன். தொடக்கத்திலும் கடைசியிலும் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, ஆணா பெண்ணா என்று முடிவாவது நடுவில் இருக்கிற நாட்களில்தான், அப்போது மட்டும் கவனமாக இருக்கச் சொன்னார். நான் போக வேண்டியிருந்தது அந்த நடு நாட்களில்தான்.

அக்காவிடம் முள் பச்சைக் கோட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன். தினமும் போனில் கேட்டேன். "பச்சையிலதாம்ட்டி நிக்கி, நீ கெடந்து அலமலந்து போவாத" என்பார். பொய் இல்லை. முள் பச்சையில்தான் இருந்தது.

நான் திரும்பி வந்த அன்று காலையில் அக்கா லீவு போட்டிருந்தார். அறைக் கதவைத் திறக்கும்போதே வாசனை வந்துவிட்டது. இட்லி. ஆல்வின், இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் சாப்பிட்ட இட்லியெல்லாம் கல். இந்தக் குளிரில் மாவு பொங்காது. போர்வையில் சுற்றிவைத்தும் பார்த்தோம், ஹீட்டர் பக்கத்தில் வைத்தும் பார்த்தோம். அன்று தட்டில் இருந்தது பஞ்சு. தேங்காய்ச் சட்னி வேறு. நின்றபடியே சாப்பிட்டேன். வாயில் இட்லியை வைத்துக்கொண்டு, மாவு எப்படி யக்கா பொங்கிச்சு என்று கேட்டேன்.

அக்காவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். பெட்டியைக் காட்டினார்.

அரைத்த மாவுப் பாத்திரத்தைச் சுடுதண்ணீர் நிறைந்த இன்னொரு பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, அதை அப்படியே முட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவாராம். நான் போனதிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள். காலையில் பார்த்தால் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். கேண்டீனில் இருக்கிற நம்ம ஆட்களுக்கும் கொடுத்தாராம். பாத்திரத்தை எந்தப் பக்கம் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. மூடியைத் திறந்ததும் தெரிந்தது. என் ஓரத்தில் மணலுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு ஈரத்தடம். மாவு வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடு.

விளக்குப் பக்கத்தில் இருந்த கருவிக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. பாத்திரத்தின் சூடு அங்கே கொஞ்சம் வந்தாலும் அது விளக்கை அணைத்துவிடும், முள் பச்சையிலேயே நிற்கும். அக்காவின் முட்டை பத்திரம். என் முட்டை அந்தச் சுடுதண்ணீருக்குப் பக்கத்தில்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் என்ன நடந்தது என்று அக்காவுக்குப் புரிந்திருக்கும். இனிமேல் உள்ளே எதுவும் வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். புளிப்பு வாடை முட்டைக்கு ஆகாது போல என்று நினைத்துக்கொண்டு அவரும் சரி என்றார். தட்டில் மிச்சம் இருந்ததையும் சாப்பிட்டேன், ஆல்வின். அதைத் தள்ளிவைத்தால் ஏன் என்று கேட்பார்.

மறுநாள் சிவகௌரி அம்மாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல, சில நாள் சூடு கூடிப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். சில முட்டைகள் தாங்கும் என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் உனக்கும் சொன்னேன், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று. நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டும் பொரித்தன. முதலில் அக்காவுடையது, அடுத்து என்னுடையது. ஓட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு துடுப்பு வெளியே வந்தது, பிறகு மூக்கு. ஈர மணல் ஒட்டிய கறுப்புத் தலை. உள்ளங்கையில் வைத்தால் உடனே நீந்தப் பார்க்கிறது. எந்தப் பக்கம் கடல் என்று அதற்கு எப்படியோ தெரிந்த மாதிரி, எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் விடாமல் துடுப்பை அடிக்கிறது. அக்கா தன் குஞ்சை முகத்துக்கு நேராகத் தூக்கி, "ஏலே ராசு, வந்துட்டியால" என்றார். மகனைக் கூப்பிடுகிற அதே குரல். நான் என்னுடையதை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஆணா பெண்ணா என்று பார்த்தால் தெரியாது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத்தான் சொல்வார்கள். இரண்டு தயிர் டப்பாக்களில் ஈரத்துணி போட்டு, ஆளுக்கு ஒன்றாக வைத்து பஸ்ஸில் கிளம்பினோம். அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். இரண்டு டப்பாவும் என் மடியில். ஒரே கடை, ஒரே அளவு. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். எனக்கும் கை போனது. ஆனால் சில முட்டைகள் தாங்கும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாரே. என்னுடையது தாங்கியிருந்தால், மாற்றிவைத்து நானே அம்மாவைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடாதா. நல்லவளாக இருந்ததால் மாற்றாமல் விட்டேன் என்று நினைக்காதே. நம்பிக்கை இருந்தது, அதனால் மாற்றவில்லை.

கவுண்டரில் இந்த நாட்டுக்காரப் பெண் ஒருவர் இருந்தார், பக்கத்தில் சிவகௌரி அம்மா. அக்காவின் டப்பாவை முதலில் வாங்கினார்கள். ஊசி குத்தியதும் அந்தக் குஞ்சு கொஞ்சம்கூட அசையவில்லை. கருவி ஆண் என்று காட்டியது. யாரை அழைக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னாலேயே அக்கா இசக்கிராஜ், இசக்கிராஜ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.

என்னுடையது பெண்.

சிவகௌரி அம்மா இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கச் சொன்னார். மறுபடியும் பெண்.

அப்போதுதான் அந்தக் கவுண்டர் பெண் என்னிடம் அவர்கள் மொழியில் கேட்டார். ஒரே பெட்டியில் இரண்டு முட்டைகள், ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் யாரோ உள்ளே எதையோ செய்திருக்கிறார்கள். உன் முட்டையை வேறு யாராவது கெடுத்தார்களா? அப்படியென்றால் அவர்களுடைய அழைப்புரிமை ரத்து, உனக்கு அடுத்த பருவத்தில் புது முட்டை. அக்காவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன சொல்கிறார்கள் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். சிவகௌரி அம்மா மொழிபெயர்க்கவில்லை. அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பருவம் என்றால் நம்ம ஊரில் மறுபடி ஆமை கரையேறும் பங்குனி. அதற்குமேல் முட்டை இங்கே வந்து, பொரித்து, அழைப்பு வந்து சேருவதற்குள் சித்திரையும் போய்விடும், அக்கினி நட்சத்திரமும் போய்விடும். அம்மா இருந்தால் வரலாம். நிச்சயமில்லாத ஒன்றுக்காக, நிச்சயமாகக் கிடைத்துவிட்ட ஒருவனின் பெயரை அழிக்கச் சொல்கிறார்கள். நிச்சயமில்லாததுதான் என்றாலும் அது நம்ம அம்மா என்று நீ சொல்வாய். நானும் அதைத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்ட விதம். அவர்களுக்கு அது பழக்கமான கேள்வி, ஆல்வின். முட்டையைக் கொடுக்கும்போதே, ஒரே அறையில் இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டிக்கொடுப்பாள் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

யாரும் எதுவும் செய்யவில்லை என்றேன்.

டப்பாவுக்காகக் கையை நீட்டினேன். அந்தப் பெண் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். நானே வளர்த்துக்கொள்கிறேன் என்றேன். அது குற்றம். அப்படியானால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள், நம்ம ஊர் ஆமைதானே என்று சிவகௌரி அம்மாவிடம் தமிழில் கேட்டேன்.

"அங்க பெண்ணுக்குக் குறைவில்லை, பிள்ளை. பிளேனில இருக்கிற இடம் ஆணுக்குத்தான்."

இப்போது இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்த எஃகு அலமாரியைக் கண்ணால் காட்டினார். வரிசையாகச் சின்னச் சின்ன இழுப்பறைகள்.

"நோகாது. குளிரில அப்பிடியே நித்திரையாகிடும்."

வெளியே பஸ் நிறுத்தத்தில் நானும் அக்காவும் நின்றோம். அவர் மகனுக்குப் போன் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், என் முன்னால் சந்தோஷப்படக் கூடாது என்று. தன் உரிமையை எனக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு வார்த்தை சொல்வார் என்று என் மனது எதிர்பார்த்தது. சட்டப்படி ரத்த சொந்தத்தைத் தவிர யாரையும் கூப்பிட முடியாது, கொடுத்தாலும் செல்லாது. இருந்தாலும் வாய்வார்த்தையாகவாவது சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் கேட்டேன். "யக்கா, மாவுப் பாத்திரத்த ஏன் எம் பக்கமா வச்சிய?"

அவர் முந்தானையைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல எடத்த நா எடுத்துக்கிட்டேம்லாட்டி" என்றார். "ஒம் முட்ட குளுருல கெடக்கேன்னு எனக்கு ஒறக்கமே கெடையாது. அதான் சூட்டோட அங்கன கொண்டு வச்சேன், அதுக்கும் அணப்பா இருக்கட்டும்னு." மூக்கைச் சிந்தினார். "ஒண்ணுவிட்டு ஒரு நா வச்சது பத்தல போலட்டி. குளுருலயே கெடந்துதான் பொட்டையாப் போயிட்டு. தெனமும் வச்சிருக்கணும்."

பஸ் வந்தது. ஏறினோம்.

இசக்கிராஜ் அடுத்த மாதம் வருகிறான். இந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் அனுமதி, அதனால் நான் வேறு இடம் பார்க்க வேண்டும். முட்டை நிலையத்துச் சுவரில் இப்போது தமிழில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பெட்டிக்குள் உணவுப் பொருள் வைக்கக் கூடாது, பெரிய பெட்டிகள் ஏற்கப்பட மாட்டா என்று. வேறு எந்த மொழியிலும் இல்லை, தமிழில் மட்டும். நான் அவர்களிடம் மாவைப் பற்றிப் பேசியதே இல்லை. இன்னும் எத்தனை அறைகளில் மாவு பொங்கியதோ.

கவுண்டரில் குஞ்சைக் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். நீ ஐஸ் கம்பெனியில் வேலையில் இருந்தாய். எடுத்ததும், சாப்பிட்டியா பிள்ள என்று கேட்டாள். மின்விசிறி ஓடவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது, மூச்சு வாங்கியது. நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். குஞ்சு பெண், அதனால் கணக்கில் வராது என்று.

அம்மா சிரித்தாள்.

"பொட்டன்னா வேண்டாம்னு அங்கயும் அப்பிடித்தான் சொல்லுதாவளா?"

ஆமாம் என்றேன்.

அதை என்ன செய்வார்கள் என்று கேட்டாள். தன்னைப் பற்றி, சித்திரையைப் பற்றி, வர முடியாமல் போனதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அந்தக் குஞ்சைப் பற்றித்தான் கேட்டாள். கடலில் விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன்.

"எந்தக் கடல்ல?"

"இங்க பக்கத்துலதாம்மா."

"அங்க நல்லா குளுருமே."

"ஆமாம்மா. நல்லா குளுரும்."

"அப்ப சரி" என்றாள் அம்மா. "அதாவது குளுச்சியில கெடக்கட்டும்."